பாதி இலை பழுக்கட்டும்

“இந்த யானைப்பூண்டை எப்போதான் பிடுங்கறது?” என்று அவர் முதன்முதலில் கேட்டபோது, “பாதி இலை பழுக்கட்டும்” என்றாள்.

பிறகு ஞாயிறு தவறாமல் வந்து பாத்தியைச் சுற்றினார். கேட் சத்தம் கேட்டாலே அவள் களை பிடுங்கக் குனிந்துகொள்வாள்.

“ஆனை மாதிரி வளரும்னு பார்த்தா, ஆமை மாதிரி வளருது.”

இன்று இலை பழுத்திருந்தது. அவரே ஒன்றைப் பிடுங்கினார். வெங்காயம்போல ஒரே உருண்டை.

“பல்லே இல்லையே?”

“முதல் வருஷம் அப்படித்தான். திரும்ப நட்டா அடுத்த வருஷம் பல்லு வைக்கும்” என்றவள், நிமிர்ந்து பார்க்காமல் அதைக் குழியில் வைத்து மண்ணைத் தள்ளினாள்.

உள்ளேயிருந்து அவள் அப்பா குரல் கொடுத்தார். “மாப்பிள்ளை, பூண்டு எடுத்ததும் உங்க வீட்டுக்குத் திரும்பி வரேன்னு சொன்னாளே, கிளம்பியாச்சா?”

அவள் துணிகளை அடுக்கத் தான் கொண்டுவந்திருந்த காலிப் பெட்டியை எடுத்துக்கொண்டு அவர் வெளியேறினார்.