புகைப்பழக்கம் உண்டு

ஆஸ்பெஸ்டாஸ் ஆலையில் இருபத்திரண்டு வருடம் ஷீட் அறுத்த தணிகாசலம் நுரையீரல் புற்றுநோயில் செத்துப்போனார். மருத்துவமனையில் நோய்களுக்குக் குறியீட்டு எண் போடுகிறவள் சுகந்தி. சான்றிதழ் வாங்க வந்த அவர் மனைவி பவுனம்மாளிடம், "புகைப்பழக்கம் உண்டுன்னு எழுதியிருக்கும்மா" என்றாள்.

"பீடி நாத்தமே அவருக்கு ஆகாதே!"

சுகந்தி டாக்டருக்குப் போன் போட்டாள். "கூட்டிட்டு வந்த ஆலை மேனேஜர் சொன்னாரு, எழுதினேன். இனி மாத்த முடியாது" என்று வைத்துவிட்டார். ஆலைத் தூசிக்கும் ஓர் எண் உண்டு. ஆனால் டாக்டர் எழுதாததை அவள் போடக்கூடாது. புகையிலைக்கான எண்ணை அடித்தாள். மேனேஜர் சொன்னதையும் தான் அடித்ததையும் பவுனம்மாளிடம் சொன்னாள்.

பவுனம்மாள் அழவில்லை. "எந்த பீடி குடிச்சாருன்னும் அந்த மேனேஜரையே கேட்டுச் சொல்லும்மா. நாளைக்குப் பதினாறாம் நாளு. படையல்ல வைக்கணும்."