கடலுக்குள் காலி வீடு

முதல் வீட்டுக்கான அரசுக் கடன், வீடே இல்லாதவர்களுக்குத்தான். கடல் விழுங்கிய வீடோ இன்னும் ரெஜினாள் பெயரில் இருந்தது. அங்கே யாரும் குடியில்லை என்று அவள் வாயால் சொன்னால் பெயரை நீக்கிவிடுவார்கள்.

"யாருமில்ல," என்றாள், கடன் அலுவலகத்தில் குரலைச் சோதிக்கும் திரையைப் பார்த்து.

"குரல் நடுங்குகிறது. உண்மையைச் சொல்லவும்," என்றது திரை.

கவுன்டர் பெண் எட்டிப் பார்த்தாள். "யாராச்சும் இருக்காங்களாக்கா?"

"தண்ணி வந்தன்னைக்கு எங்க வீட்டுக்காரவுக உள்ளதான் படுத்துக் கெடந்தாவ. உடம்பு கெடைக்கல, தாயி."

"நடுங்காமச் சொன்னாத்தான் அது எடுத்துக்கும். ஓரமா நின்னு சொல்லிப் பழகிட்டு வாங்க."

ரெஜினாள் சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே நின்றாள். மதியத்துக்கு மேல் குரல் நடுங்கவில்லை. திரை பச்சையானது.

"வாழ்த்துகள். புது வீட்டில் உங்களோடு யார் குடியிருப்பார்கள்?"

"யாருமில்ல," என்றாள். அதற்கும் குரல் நடுங்கவில்லை.