ஏழாம் பாகத்துக் கதவு

எழுபத்தெட்டில் டி.வி.யில் வந்த விண்கலத் தொடரில் கேப்டனாக நடித்த தேவமணி, பிறகு சூளகிரியில் டைப்ரைட்டிங் வகுப்பு நடத்திவந்தாள். பதினாறு வருடம் கழித்து, ஓசூர்க் கம்பெனி ஒன்று அந்தப் பழைய தொடரைச் சுத்தம்செய்து வீடியோ கேசட்டாக வெளியிட முன்வந்தது. அங்கே வேலைபார்த்த அருள்ஜோசப், ஏழாம் பாகத்தை ஒரு மத்தியானம் அவள் வீட்டிலேயே போட்டுக் காட்டினான்.

திரையில் இளம் தேவமணி விண்கலத்தின் கதவைச் சாத்தித் தாழிட்டுவிட்டு, தன் இருக்கையில் போய் உட்கார்ந்தாள். உடனே அந்தக் கதவை வெளியிலிருந்து யாரோ தட்டினார்கள்.

"இந்தச் சத்தம் அப்ப இல்லியே தம்பி!"

"நாங்க எதுவும் சேக்கலக்கா. இரைச்சலை எடுத்தோம், அடியில இது இருந்துச்சு. அந்தப் பக்கம் யாரு நின்னாங்க?"

"கதவுக்குப் பின்னாடி ஸ்டுடியோ செவுரு. ஒரு சாண் எடம்கூட இல்ல."

தட்டல் வலுத்தது. திரையில் இருந்தவள் எழுந்து கதவை நோக்கி நடந்தாள். அப்படி ஒரு காட்சியில் தேவமணி நடித்ததே இல்லை.

"நேத்து பாக்கறப்ப இந்த சீன் இல்லக்கா" என்றான் அருள்ஜோசப்.

"தொறக்காதடி!" என்று தேவமணி தன்னையறியாமல் கத்திவிட்டாள்.

திரையில் இருந்தவள் தாழ்ப்பாளில் கைவைத்தபடி நின்றாள். திரும்பி, நேராகத் தேவமணியைப் பார்த்தாள். பிறகு தாழை நீக்கினாள்.