நூற்று நாற்பத்துமூன்று

டிரெட்மில் மூன்றாவது தடவை மேடு ஏறியது.

நெஞ்சில் ஒட்டிய வயர்களோடு அதன்மேல் நான். அதை நடை என்றும் சொல்ல முடியாது, ஓட்டம் என்றும் சொல்ல முடியாது.

"நூத்தி நாப்பத்திமூணு வரணும் அங்கிள். உங்க வயசுக்கு அதான் கணக்கு," என்றாள் சுப்ரியா. எங்கள் கம்பெனி ஆட்களுக்கு இந்த லேபில் டெஸ்ட் எடுப்பவள்.

இருநூற்று இருபதில் வயதைக் கழித்து, மீதியில் எண்பத்தைந்து சதவீதம். நாடித்துடிப்பு அதுவரை ஏற வேண்டும், நிறுத்தியதும் மளமளவென்று இறங்கவும் வேண்டும். இல்லாவிட்டால் கம்பெனியில் மெஷினைத் தொட விடமாட்டார்கள். வீட்டுக்குப் போகலாம்.

திரையில் நூற்று முப்பத்தெட்டு. அதற்கு மேல் அசையவில்லை.

எப்படி அசையும்? ரெக்கார்டில்தான் எனக்கு ஐம்பத்திரண்டு. உடம்புக்கு ஐம்பத்தெட்டு.

பத்தாவது பாஸ் செய்யாதவனைக் கம்பெனியில் எடுக்க மாட்டார்கள். நான் மூன்று தடவை ஃபெயில். ஒரு சர்ட்டிபிகேட்டைக் காட்டிச் சேர்ந்தேன், அதிலிருந்த வயதே என் வயதானது. முப்பத்துநான்கு வருஷம் ஒருவருக்கும் தெரியாததை நெஞ்சு ஒன்பது நிமிஷத்தில் போட்டுக் கொடுத்துவிட்டது.

கால் பின்னியது. "போதும்மா," என்றேன்.

படுக்க வைத்தாள். துடிப்பு இறங்க மாட்டேன் என்றது. அவள் முகம் மாறியது.

கூட ஒரு ஆள் இல்லாமல் இந்த டெஸ்ட் எடுப்பதில்லை. அதற்காகத் தம்பி வந்திருந்தான், சிவாஜிநகர் மார்க்கெட்டில் மூட்டை இறக்கும் வேலையை அரைநாள் விட்டுவிட்டு. பஸ்ஸில் வழியெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தான். காய்த்துப்போன கை. அதைப் பிடித்திருக்க எனக்கு என்ன யோக்கியதை என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சுப்ரியா ரிப்போர்ட்டோடு போய்க் கதவைத் திறந்தாள். கூட வந்தவர் யாரென்று கேட்பதற்காக, அதிலிருந்த என் பெயரைப் படித்தாள்.

"கிளெமென்ட்..."

அவள் முடிப்பதற்குள் பெஞ்சிலிருந்து தம்பி எழுந்துவிட்டான். "நான்தாம்மா."

முப்பத்துநான்கு வருஷத்தில் யாரும் அவனை அந்தப் பெயர் சொல்லி ஒரு ஆபீஸில் கூப்பிட்டதில்லை. ஒரே வருஷத்தில் திருப்பித் தருகிறேன் என்று சொல்லித்தான் நான் அவன் சர்ட்டிபிகேட்டை வாங்கிக்கொண்டு போனேன்.

கதவு வழியாக என்னைப் பார்த்தான்.

"இல்லம்மா. உள்ள இருக்காரே, அவருதான் கிளெமென்ட்," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டான்.