கேட்காத பரிகாரம்

வழக்கறிஞர் சங்கத்தின் சுற்றுச்சூழல், எரிசக்திச் சட்டப் பிரிவு இந்த ஆண்டு ஏழு கருத்தரங்குகள் நடத்தி, ஆறுகளைக் காப்பாற்ற ஒன்பது தீர்மானங்கள் போட்டது. ஆண்டு விழாவில் அஞ்சம்மாளுக்குப் பொன்னாடை. அனல்மின் நிலையத்தின் சாம்பல் மூடிய ஆற்றுக்காகப் பதினோரு வருடமாக வாய்தாவுக்கு வருபவர். அவருடைய வக்கீலும் சங்கச் செயலாளருமான வரதராஜுலு மைக்கை நீட்டினார்.

"உங்க ஆசைய சொல்லுங்கம்மா."

"ஆத்துல ஒருக்கா கால நனைக்கணும் சார்."

வரதராஜுலு மனு நகலைப் புரட்டினார். நஷ்டஈடு இருந்தது, ஆய்வுக்குழு இருந்தது.

"மனுவுல கேக்காத பரிகாரத்த கோர்ட்டு குடுக்காதேம்மா" என்றார், உண்மையான வருத்தத்தோடு.

அஞ்சம்மாள் யோசித்தார்.

"அப்ப இப்பவாச்சும் எழுதிக்கங்க சார். ரொம்ப வேணாம், கணுக்கால் நனைஞ்சா போதும்."