ஈப்போ லைசென்ஸ்

"இந்த லைசென்ஸ் இங்க செல்லாது" என்று காகிதங்களைத் திருப்பி நீட்டினார் விருமாண்டி.

தவசியின் முகம் வாடிப் போயிற்று. "நல்லாப் பாருங்கண்ணே. எங்க மாப்ள மலாயாவுல, ஈப்போவுல தோட்டத்துத் தொரைக்குக் கார் ஓட்டுறவரு."

"ஓட்டட்டும். அது அந்த ஊரு லைசென்ஸ்."

"அதுக்குத்தான வேற நாட்டுல ஓட்டுறதுக்குன்னு தனியா ஒரு பர்மிட்டும் வாங்கியாந்திருக்காரு? போட்டோகூட ஒட்டியிருக்கே."

"போட்டோ இருக்கு. நம்ம ஊருப் போலீசு முத்திரை இல்லையே. முத்திரை இல்லாம என் காரைக் கையில குடுக்க மாட்டேன்."

ஆரப்பாளையத்தில் வாடகைக்குக் கார் விடுகிறவர் விருமாண்டி. ஷெட்டு வாசலில் கார் துடைத்துத் தயாராக நின்றது. அதை மாப்பிள்ளையே ஓட்டிக்கொண்டு திருவாதவூருக்குப் போய், மாமனார் வீட்டு ஜனங்களை ஏற்றிக்கொண்டு, அழகர்கோவிலில் மகனுக்கு முடியிறக்கப் போக வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. மாப்பிள்ளை கார் ஓட்டி வருவதைப் பார்க்க வரும்படி ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார் தவசி.

மாப்பிள்ளை முத்துக்கருப்பன் காகிதங்களைத் திரும்ப வாங்கிக்கொண்டான். அவன் பெண்டாட்டி அழகம்மாள் இடுப்பில் பிள்ளையோடு முன்னால் வந்தாள்.

"ஏண்ணே, தொரையே நம்பி உக்காந்து போன ஆளு இவரு. ஒங்க தகர வண்டிக்கு இம்புட்டு ஞாயமா?"

"தகரமோ தங்கமோ, என் வண்டிம்மா."

"எல்லாம் டிரைவர் படிக்குப் போடுற கணக்கு. எங்களுக்குத் தெரியாதாக்கும்."

"எங்க சின்னச்சாமி ஓட்டுவான். படி வேண்டாம். இஷ்டம்னா ஏறுங்க, இல்லாட்டி வேற எடம் பாருங்க."

"ஈவு எரக்கமில்லாத மனுசன்" என்று அவர் காதில் விழும்படியே சொன்னாள் அழகம்மாள்.

முத்துக்கருப்பன் குனிந்து காகிதங்களை மடித்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்தால் முகம் காட்டிக் கொடுத்துவிடும் என்று பயம். விருமாண்டி 'செல்லாது' என்று சொன்ன நொடியில் அவனுக்கு உயிர் திரும்பி வந்திருந்தது.

பிரசவத்துக்காக அழகம்மாள் முன்னாலேயே தாய்வீடு வந்துவிட்டாள்; அவன் ஈப்போவில் இருந்தான். பேரன் பிறந்ததும் மாமனார் கடுதாசி போட்டார்: 'வரும்போது கார் ஓட்டுற லைசென்ஸைக் கையோட கொண்டாங்க மாப்ள.' இவனும் ஆசையாகத்தான் பர்மிட்டு வாங்கினான். அதற்கப்புறம் ஒருநாள் மழையில், ரப்பர்த் தோட்டத்து வளைவில், கார் சறுக்கிப் பள்ளத்தில் உருண்டது. இவனுக்குக் கீறல்கூட இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த சிநேகிதன் காளைக்கு ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

உன்மேல் தப்பில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். காளையும் சொன்னான். ஆனால் அன்றிலிருந்து ஸ்டியரிங்கில் கை வைத்தால் உள்ளங்கை வேர்த்து, கால் மரத்துப்போகும். இப்போது தோட்டத்து ஸ்டோரில்தான் வேலை. இதில் எதையும் அவன் ஊருக்கு எழுதவில்லை. வந்த பிறகும் சொல்லவில்லை. மாமனார் பெருமையடித்துக்கொண்டு திரிவதைப் பார்த்தபின் சொல்ல வாய் வரவில்லை. எப்படியாவது ஓட்டிவிடுவோம் என்று காலையில் துணிந்துதான் வந்திருந்தான். பெற்ற பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு ஓட்டுவதென்று.

"விடுங்க மாமா. சட்டம்னா சட்டந்தான். சின்னச்சாமியே ஓட்டட்டும்" என்றான்.

தவசி வழியெல்லாம் விருமாண்டியைத் திட்டிக்கொண்டே வந்தார். திருவாதவூரில் வேடிக்கை பார்க்க நின்றவர்களிடம், "மாப்ள பேருல குத்தமில்ல. அம்புட்டும் கவர்மெண்டு கெடுபிடி" என்று விளக்கம் சொன்னார். அவர்களும் தலையாட்டினார்கள். கவர்மெண்டின்மேல் ஆளுக்கொரு குறை இருந்தது.

முத்துக்கருப்பன் பின்சீட்டில் மகனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிள்ளை அவன் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்தது. மலை கிட்டத்தில் வர வர, வெகுநாளைக்குப் பிறகு அவன் வாய்விட்டுச் சிரித்தான். மொட்டைத் தலையில் சந்தனம் பூசும்போது பிள்ளை வீறிட்டு அழுதது. அதற்கும் சிரித்தான்.

சாயங்காலம் எல்லோரையும் ஊரில் இறக்கிவிட்டு, சின்னச்சாமியோடு அவன் மட்டும் ஆரப்பாளையம் வந்தான். கடைவீதியில் வேலை இருப்பதாக வீட்டில் சொல்லியிருந்தான். விருமாண்டி ஷெட்டு வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, காலையில எங்க ஆளுக ரொம்பப் பேசிட்டாக. மன்னிச்சுக்கிடுங்க."

"இருக்கட்டும் தம்பி."

"உங்ககிட்ட சொல்றதுக்கென்ன. நீங்க தரமாட்டேன்னது எனக்குப் பெரிய உபகாரம். கார் ஓட்ட எனக்குப் பயம்ணே. வீட்டுல யாருக்கும் தெரியாது." காரைத் திரும்பிப் பார்த்தான். "அந்தப் போலீசு முத்திரை மட்டும் இருந்திருந்தா நான் மாட்டியிருப்பேன்."

விருமாண்டி டீயைக் கீழே வைத்தார்.

"முத்திரையெல்லாம் ஒண்ணும் வேண்டியதில்ல. உங்க காகிதம் அம்புட்டும் சரியாத்தான் இருக்கு."

"அப்புறம் ஏண்ணே செல்லாதுன்னீங்க?" என்றான் முத்துக்கருப்பன்.

"முந்தாநாளு உங்க வீட்டம்மா பிள்ளையத் தூக்கிக்கிட்டு இங்க வந்துச்சு. 'அவரு தூக்கத்துல காளை காளைன்னு அலறுறாரு, ரெண்டு காலையும் போட்டுப் பிரேக்க மிதிக்கிறாரு. என்னமோ நடந்திருக்கு. அவரா சொல்றப்ப சொல்லட்டும், நானாக் கேக்க மாட்டேன். எங்கப்பா முன்னால அவரு தலை குனியக்கூடாது, ஏதாவது சாக்குச் சொல்லிக் காரைக் குடுக்காம இருந்துடுங்க'ன்னுச்சு."

துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"போகும்போது திரும்பி வந்து, 'அன்னைக்கு நான் உங்கள வாய்க்கு வந்தபடி வைவேன், மனசுல வச்சுக்கிடாதீங்கண்ணே'ன்னு கும்புட்டுட்டுப் போச்சு."