பலகாரக் கை

வின்ச்சின் மூடி கழன்று வந்ததும் மீனாள் சுற்றுமுற்றும் ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

திட்டுவதற்கு ஆள் இல்லை. கணவர் வள்ளியப்பன் போய்ச் சேர்ந்து பதினோரு மாதம் ஆகிறது.

வளவின் முற்றத்துத் தரையில் பழைய செய்தித்தாளை விரித்து வின்ச்சை உட்கார வைத்திருந்தாள். பார்த்தால் அரிசி அளக்கும் படி மாதிரி இருக்கும். தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். பாய்மரப் படகில் பாய்க் கயிற்றை இந்த உருளையில் சுற்றிக் கைப்பிடியைச் சுழற்றினால், எந்தக் காற்றிலும் பாய் விறைத்து நிற்கும். ஒரு வருட உப்பில் இப்போது இறுகிப் போயிருந்தது.

கொச்சியில் நிற்கும் படகை விலைக்குப் பார்க்க வந்தவர் இந்த ஒன்றைத்தான் குறை சொன்னார். மாப்பிள்ளை அதைக் கழற்றிக் காரிலேயே காரைக்குடிக்குக் கொண்டுவந்துவிட்டார். இது சுழன்றுவிட்டால், சாயங்காலம் அந்தக் கொச்சிக்காரருக்குப் போன் செய்து படகை எடுத்துக்கொள்ளச் சொல்ல வேண்டியதுதான்.

கொடுக்க மனசில்லை. ஆனால் வைத்துக்கொண்டு என்ன செய்வது? படகைத் தெரிந்தவர் வள்ளியப்பன். அவள் கூடப் போனவள்.

மகள் சுபா காபியோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"அப்பச்சி இருந்தா ஒன்னய இதத் தொட விட்ருப்பாகளாம்மா?"

சுபாவின் அப்பா விட்டிருக்க மாட்டார்.

கப்பல் இன்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்ற மனிதர். ஆச்சி செத்தாலும் கடலை விடமாட்டேன் என்று பங்காளிகளிடம் வேடிக்கை பேசி, அந்த ஆச்சியான மீனாளையும் கூட்டிக்கொண்டு போனவர். ஆறு வருடம் இருவருக்கும் படகில்தான் குடித்தனம்.

விடிந்ததும் அடித்தட்டில் தேங்கிய தண்ணீரை இறைக்க வேண்டும். கம்பிகளில் படிந்த உப்பைத் துடைக்க வேண்டும். பாய் கிழிந்தால் உட்கார்ந்து தைக்க வேண்டும். அவள் மேல்தட்டில் மோர்மிளகாய்கூடக் காயப்போட்டாள். அந்தமான் பக்கம் ஓர் அலை அதைத் தாம்பாளத்தோடு எடுத்துக்கொண்டு போனபோது, மீன்களுக்கு இன்றைக்கு வயிறு எரியப் போகிறது என்று அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

முதல் வருடம் ஒரே ஒரு தடவை அவள் வின்ச்சைத் திறந்து துடைத்து கிரீஸ் போட்டிருக்கிறாள். அடுப்பில் உக்காரை கிண்டும்போது நெய் விடுகிற மாதிரி தாராளமாக.

உள்ளே நகத்தளவில் சின்னத் தாழ்கள் உண்டு. உருளை பின்பக்கமாகச் சுழன்றுவிடாமல் பிடித்துக்கொள்வது அவைதான். கிரீஸில் அவை ஒட்டிக்கொண்டன. கைப்பிடி விருட்டென்று திரும்பி அவர் மோவாயில் அடித்தது. நான்கு தையல்.

"ஒன் கை பலகாரக் கை, மீனா. பாய் ஒனக்கு, வின்ச்சு எனக்கு."

அன்றோடு சரி. படகிலிருந்த நான்கு வின்ச்சுகளையும் அவர் ஒருவரேதான் திறந்தார். நம்பாமல்தானே என்று அவளுக்குள் ஒரு சின்ன வருத்தம் கிடந்தது.

இந்த வீட்டில் எந்தப் பாத்திரத்தைக் கவிழ்த்தாலும் அடியில் யாராவது ஒருவர் பேர் வெட்டியிருக்கும். படகிலும் அந்தப் பழக்கத்தை விடவில்லை அவர். பினாங்கில் ஒரு பேர் வெட்டும் மெஷின் வாங்கி, ஸ்பானர், திருப்புளி, கரண்டி என்று ஒன்று விடாமல் 'மீ' போட்டார். உங்கள் பேரை வெட்டிக்கொள்ள வேண்டியதுதானே என்று அவள் கேட்டதற்கு, என் பேர் போட்டால் தொலைந்தபிறகு நீ தேடமாட்டாயே என்றார்.

போன வருடம் மாசியில், மூன்றாவது கீமோ முடிந்த வாரம், வின்ச் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு அந்த மெஷினையும் எடுத்துக்கொண்டு தனியாகக் கொச்சிக்குப் போய்விட்டார். நிற்கத் தெம்பில்லாத உடம்பு. நான்கு நாள் படகிலேயே கிடந்தார். அந்த நான்கு நாளும் மீனாள் அவர் போனை எடுக்கவில்லை.

அந்தக் கோபத்தில் கொஞ்சம் இன்னும் மிச்சம் இருந்தது.

உருளையை உருவி எடுத்தாள். சக்கரங்களையும் தாழ்களையும் மண்ணெண்ணெயில் கழுவி வரிசையாக வைத்தாள். கிரீஸ் டப்பாவுக்குள் விரலை விட்டாள். நாலு விரலிலும் அப்பிக்கொண்டு வந்தது.

மற்றொரு கையால் உருளையின் உட்புறத்தைத் துணி விட்டுத் துடைத்தாள். கறுத்துக் காய்ந்த பிசுக்கு உரிந்து வந்தது. அடியில் ஏதோ நெருடியது.

வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். கோணல்மாணலாக, கை நடுங்கி வெட்டிய எழுத்து.

'மீனா, தாழுக்கு எண்ணெய் மட்டும். ஒரே சொட்டு.'

அதன் கீழே, பாத்திரத்தில் வெட்டுவதுபோலவே, மாதமும் வருடமும். போன வருடம். மாசி.

மீனாள் விரலில் இருந்த கிரீஸை வழித்துச் செய்தித்தாளில் தேய்த்தாள். ஒரு விரல் பாக்கியில்லாமல் தேய்த்தாள். பிறகு தையல் மெஷின் எண்ணெயை எடுத்து, ஒவ்வொரு தாழிலும் ஒரே ஒரு சொட்டு விட்டாள். சக்கரங்களைப் பொருத்தி, உருளையை மாட்டி, மூடியைத் திருகினாள். கையால் சுழற்றியதும் டிக் டிக் டிக் என்று நிதானமாகச் சுழன்றது. பின்பக்கம் திருப்பிப் பார்த்தாள். அசையவில்லை.

"சரியாப் போச்சா?" சுபா போனை எடுத்தாள். "அந்தக் கொச்சிக்காரருக்குச் சொல்லிரவாம்மா?"

"விக்கலன்னு சொல்லிரு."

"என்னம்மா இது?"

"கொச்சிக்கு டிக்கெட் இருக்கான்னு பாரு," என்றாள் மீனாள். "இன்னும் மூணு வின்ச்சு இருக்குல்ல."